காகித விமானம்

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரின் மேசை இழுப்பறை ஒரு சிறிய பொருட்காட்சிச் சாலை. வகுப்புகளில் பறிமுதலாகும் பொருள்களெல்லாம் இறுதியில் அங்குதான் வந்து சேரும். பம்பரமும் கோலிக்குண்டும் உண்டிவில்லும் சில ஆண்டுகளில் பெருகும். சில ஆண்டுகளில் குறையும். ஆனால், நான் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்த காலம் முழுவதிலும், ஓராண்டுகூடத் தவறாமல் வந்து சேர்ந்த பொருள் ஒன்று உண்டு. அது காகித விமானம். மாணவர்கள் அதனை 'ராக்கெட்' என்பார்கள். ராக்கெட்டுக்குரிய எரிபொருள் எதுவும் அதில் இல்லை. ஆசிரியர் கரும்பலகையின் பக்கம் திரும்பும் ஒரு விநாடிதான் அதற்கு எரிபொருள்.

அந்தக் காகித விமானத்தைச் செய்வது எப்படி, செய்ததை முறையாகச் சோதிப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். அதற்குமுன் என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்; இந்தப் பாடம் எனக்கு அந்தப் பிழையிலிருந்துதான் தொடங்கியது.

நான் பௌதிகம் கற்பித்து வந்த நாள்களில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், விமானம் எவ்வாறு பறக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இறக்கையின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் வரைந்தேன். மேற்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. 'வளைந்த மேற்பக்கத்தில் காற்றுக்கு வழி நீளம். தட்டையான கீழ்ப்பக்கத்தில் வழி குறுக்கம். முன்விளிம்பில் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஆகவே மேலே செல்லும் காற்று விரைந்து செல்கிறது. விரைந்து செல்லும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. இறக்கை மேலெழுகிறது' என்று சொன்னேன். நான் படித்த புத்தகத்தில் அவ்வாறுதான் இருந்தது. எனக்குக் கற்பித்தவரும் அவ்வாறுதான் கற்பித்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். சற்றுமுன்தான் அவனிடமிருந்து ஒரு காகித விமானத்தை வாங்கி என் பாடக்குறிப்பேட்டுக்குள் வைத்திருந்தேன். அவன் கேட்டான்: "சார், என் ராக்கெட்டின் இறக்கை வெறும் தாள்தானே? மேலேயும் தட்டை, கீழேயும் தட்டை. இரண்டு பக்கமும் வழி ஒன்றுதான். அப்படியானால் அது எப்படிப் பறக்கிறது?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் அன்று இல்லை. "அது விளையாட்டுப் பொருள், இது விமானம். உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதிலும் அவன் என்னிடம் மற்றொரு கேள்வி கேட்கவில்லை.

ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, விடுமுறைக் காலப் பயிற்சி வகுப்பு ஒன்றில், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அந்த விளக்கத்தைக் கையில் எடுத்துப் பிரித்துப் போட்டார். முன்விளிம்பில் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் சொல்லவில்லை. புகையை விட்டுப் பார்த்தால், மேலே செல்லும் காற்று கீழே செல்லும் காற்றை முந்திக்கொண்டு பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது. கூட்டாளிக்காக அது காத்திருப்பதில்லை. மேலே விரைவு மிகுதி, அழுத்தம் குறைவு என்பது மெய்யே. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பொய். வளைந்த இறக்கையுடைய விமானம் தலைகீழாகப் பறந்து காட்டும்போதும் அந்தக் காரணம் உடைந்துவிடுகிறது. நான் அன்று உட்கார வைத்த மாணவன், பேராசிரியர் இல்லாமலே, ஒரு தாளை மடித்து இதனைக் கண்டிருந்தான்.

உண்மைக் காரணம் எளியது. தட்டையான தாளாயினும் அது சற்றே முகம் தூக்கிச் செல்லும்போது, அடிப்பக்கத்தில் மோதும் காற்று கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. மேற்பக்கத்துக் காற்றும் தாளின் சரிவைத் தழுவியே கீழ்நோக்கித் திரும்புகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதி இது. இந்த மேல்நோக்கிய தள்ளுதலையே தூக்குவிசை என்கிறோம். வளைவு இந்த வேலையைக் குறைந்த தடையோடு செய்து கொடுக்கிறது. ஆனால் வளைவு இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

எஞ்சின் இல்லாத காகிதத்திற்கு முன்னே செல்லும் விசை எங்கிருந்து வருகிறது? முதலில் உங்கள் கையிலிருந்து, பிறகு புவியீர்ப்பிலிருந்து. சறுக்குமரத்தில் குழந்தை இறங்குவதுபோல் அது காற்றின் மீது சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னேறுகிறது என்பதே அதன் திறம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து மெல்ல விட்ட விமானம் ஆறு மீட்டர் தொலைவில் தரையைத் தொட்டால், அதன் சறுக்கு விகிதம் நான்கு. வேகமாக எறிந்து அளந்தால் இந்தக் கணக்குச் செல்லாது; அப்போது நீங்கள் அளப்பது உங்கள் தோள்வலிமையையும் சேர்த்துத்தான்.

இனிச் சோதனைக்கு வருவோம். ஏ4 அளவுத் தாள் ஒன்று வேண்டும். 29.7 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலம். இத்தகைய தாள்கள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். கட்டின்மேல் 80 கிராம் என்று அச்சிட்டிருப்பது ஒரு சதுர மீட்டரின் எடை. ஆகவே, ஒரு தாளின் எடை 5 கிராம். தராசு இல்லாமலே எடை தெரிந்துவிட்டது.

இந்தத் தாளை எதுவும் செய்யாமல், படுக்கை வாட்டத்தில் பிடித்துத் தோளுயரத்திலிருந்து விடுங்கள். அது இப்படியும் அப்படியும் ஊசலாடி, சில வேளை கவிழ்ந்து, நீங்கள் எண்ணாத ஓரிடத்தில் விழும். அடுத்து, இரண்டு சென்டிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டு ஒன்றைக் கத்தரித்து விடுங்கள். அது தன் நீள அச்சில் உருண்டு சுழன்றுகொண்டே ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கும். அற்பமான வேடிக்கை என்று இதனை ஒதுக்க வேண்டாம். மின்காந்தக் கொள்கையால் உலகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற 1854ஆம் ஆண்டில், விழும் காகிதத் துண்டு ஏன் இவ்வாறு சுழல்கிறது என்பதைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார்.

வெறுந்தாள் பறக்காமைக்குக் காரணம் எடை அல்ல. எடை அமைந்திருக்கும் இடம். தாளின் ஈர்ப்பு மையம் நடுவில் இருக்கிறது. ஆனால், சிறு கோணத்தில் செல்லும் மெல்லிய தட்டின்மீது காற்றின் தூக்குவிசை நடுவில் தாக்குவதில்லை. முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழக் கால் பங்குத் தொலைவில் தாக்குகிறது. எடை நடுவிலும் தூக்குவிசை முன்னாலும் இருந்தால் முகம் மேலே தூக்கிக் கவிழத்தானே செய்யும்? எனவே எடையை முன்னே கொண்டுவர வேண்டும். அதற்கு வேறு பொருள் தேவையில்லை. தாளையே மடித்தால் போதும்.

நீண்ட விளிம்பு உங்களுக்கு எதிரே இருக்குமாறு தாளை மேசைமேல் வையுங்கள். அந்த விளிம்பை இரண்டு சென்டிமீட்டர் அகலத்திற்கு மடியுங்கள். அந்த மடிப்பின்மேலேயே மறுபடியும் இரண்டு சென்டிமீட்டர், மறுபடியும் இரண்டு. பாய் சுருட்டுவதுபோல், ஆனால் தட்டையாக. ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்துங்கள். ஒவ்வொரு மடிப்பு முடிந்ததும் எழுந்து நின்று பறக்கவிட்டுப் பாருங்கள். பின்விளிம்பின் நடுவை இரு விரல்களால் பிடித்து, முன்விளிம்பைச் சற்றே தாழ்த்தி, முன்னே நகர்த்தி விட்டுவிட வேண்டும், எறிதல் கூடாது.

மூன்று மடிப்புகளுக்குப் பின் இறக்கையின் அகலம் 15 சென்டிமீட்டராகக் குறைந்திருக்கும். ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 5.6 சென்டிமீட்டரில், அதாவது நூற்றுக்கு 38 பங்கில் இருக்கும். ஆறு மடிப்புகளுக்குப் பின் அகலம் 9 சென்டிமீட்டர்; ஈர்ப்பு மையம் 2.5 சென்டிமீட்டரில். அது நூற்றுக்கு 28 பங்கு. கால் பங்குக்குச் சற்றே பின்னால். இது நான் காகிதத்தில் போட்ட கணக்கு. நீங்கள் அளவுகோலின் விளிம்பின்மேல் விமானத்தை வைத்து, அது எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பார்த்துச் சரிபார்க்கலாம். ஊசலாடிய தாள் மடிப்பு ஏற ஏற மெல்ல அடங்கி, ஒரு கட்டத்தில் முன்னோக்கிச் சறுக்கத் தொடங்கும். எந்த மடிப்பில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்விளிம்பின் நடுவில் தாள்கவ்வி ஒன்றைச் செருகுங்கள், போதாவிட்டால் இரண்டு. எடை மிகவும் முன்னே போய்விட்டால் விமானம் மூக்குக் குத்தி விழும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். விழுந்த இடத்தின் அளவு பறந்த தொலைவின் அளவைப் போலவே மதிப்புடையது.

இந்த எளிய காகிதச் சறுக்கத்தை நியூயார்க் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டனர். காகிதத் தாள்களையும், நீர்த்தொட்டியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளையும் கொண்டு, எடையை இடம் மாற்றி மாற்றி அவர்கள் சோதித்தார்கள். தட்டையான இறக்கைக்கு ஓர் அரிய குணம் இருக்கிறது. முகம் தூக்கினால் தூக்குவிசை தாக்கும் இடம் தானே பின்னுக்கு நகர்ந்து முகத்தைத் தாழ்த்துகிறது. முகம் தாழ்ந்தால் அந்த இடம் முன்னுக்கு வந்து முகத்தைத் தூக்குகிறது. விமானங்களின் வளைந்த இறக்கைக்கு இக்குணம் இவ்வாறு அமைவதில்லை. அதனால்தான் அவற்றுக்கு வால் வேண்டியிருக்கிறது. காகிதமோ வால் இல்லாமலே தன்னைத் திருத்திக்கொண்டு செல்கிறது. விளையாட்டுப் பொருள் வேறு, விமானம் வேறு என்று நான் அன்று சொன்னதில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்தது. ஆனால் நான் நினைத்த பொருளில் அல்ல.

இறக்கையின் நடுவில் மெல்லிய மடிப்பு இட்டு, இரு முனைகளும் ஒரு விரற்கடை உயர்ந்திருக்குமாறு அமைத்தால், பக்கவாட்டில் சாயும்போது அது தானே நிமிரும். பின்விளிம்பை இரண்டு மில்லிமீட்டர் மேல்நோக்கி வளைத்தால் மூக்குத் தாழ்வது குறையும். மிகுதியாக வளைத்தாலோ, விமானம் மேலே ஏறும். வேகம் இழந்து தயங்கும். தலை தாழ்ந்து பாயும். வேகம் பெற்று மறுபடியும் ஏறும். கடலலைமேல் செல்லும் படகுபோன்ற இந்தப் போக்குக்கு, இங்கிலாந்துப் பொறியறிஞர் லாஞ்செஸ்டர் 1908-இல் வெளியிட்ட தம் நூலில் 'ஃபியூகாய்டு' என்று பெயர் வைத்தார். பறத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்று எண்ணி அவர் எடுத்தது, தப்பி ஓடுதலைக் குறிக்கும் சொல். பெயரில் பிழை நேர்ந்தாலும் கணக்கில் நேரவில்லை. விமானிகள் இன்றும் அந்தப் பெயரையே வழங்குகிறார்கள்.

விமானம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போனால், வலது இறக்கையின் பின்விளிம்பை மட்டும் சற்று மேலே வளையுங்கள். வலது இறக்கை சிறிது தாழ்ந்து, போக்கு நேராகும். வலப்பக்கம் திரும்பினால் இதற்கு எதிராகச் செய்யுங்கள்.

மாணவர்களிடம் நான் அடிக்கடி கண்ட குறை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். விமானம் சரியாகப் பறக்கவில்லை என்றால், மூக்கையும் மடிப்பார்கள், இறக்கையையும் வளைப்பார்கள், கவ்வியையும் செருகுவார்கள், பிறகு எறிவார்கள். நன்றாகப் பறந்தால் மகிழ்ச்சி. ஆனால் எந்த மாற்றத்தால் பறந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். அந்த மாற்றத்தோடு பத்து முறை விடுதல். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காற்று வராத நடைவழியில், ஒரே ஆள், ஒரே உயரத்திலிருந்து. பத்து அளவுகளையும் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் ஐந்தாவதையும் ஆறாவதையும் கூட்டிப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். மிகப் பெரிய அளவை மட்டும் நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவது மனித இயல்பு. நோட்டுப் புத்தகத்திலாவது அந்த இயல்பை அடக்கி வைக்க வேண்டும்.

இவ்வாறு சோதித்தவர்களிடமிருந்தே விமானம் பிறந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி 1804-இல் ஒரு சறுக்கு விமான மாதிரி செய்தார். சாதாரணக் காகிதப் பட்டம் ஒன்றையே ஒரு கோலின்மேல் இறக்கையாகக் கட்டி, திருப்பக்கூடிய வால் ஒன்றும் சேர்த்தார். பிரான்சில் அல்போன்ஸ் பெனோ 1871-இல் இரப்பர்ச் சுருளால் இயங்கும் சிறு மாதிரி ஒன்றைப் பாரிஸ் பூங்காவில் பதினொரு விநாடி பறக்கவிட்டார். அவர் முறையில் மூங்கில், தக்கை, காகிதம் ஆகியவற்றால் செய்த பறக்கும் பொம்மை ஒன்றைத்தான் 1878-இல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். பிள்ளைகளின் பெயர் வில்பர் ரைட், ஆர்வில் ரைட்.

அந்தச் சகோதரர்கள் பெரியவர்களாகி, 1901-இல் ஒரு சறுக்கு விமானம் செய்தார்கள். நூல்களில் இருந்த அளவுகளைக் கொண்டு கணக்கிட்டதில் கிடைக்க வேண்டிய தூக்குவிசை கிடைக்கவில்லை. மனம் சோர்ந்தார்கள். ஆயினும், தங்கள் கைத்திறத்தை ஐயுற்றதோடு நிற்காமல் நூலையும் ஐயுற்றார்கள். ஆறடி நீளமுள்ள மரப்பெட்டி ஒன்றில் விசிறியால் காற்றைச் செலுத்தி, உலோகத் தகட்டில் வெட்டிய ஏறத்தாழ இருநூறு சிறு இறக்கை வடிவங்களை அதனுள் வைத்துச் சோதித்தார்கள். காற்றழுத்தத்தைக் கணக்கிட எல்லோரும் பயன்படுத்திவந்த ஓர் எண், ஸ்மீட்டன் என்ற பொறியறிஞர் 1759-இல் வெளியிட்டது, 0.005. சகோதரர்கள் தம் சோதனைகளிலிருந்து கண்ட அளவு 0.0033. நூல் சொன்னது உண்மையைப்போல் ஒன்றரை மடங்கு! நூற்று நாற்பது ஆண்டுகளாக அறிஞர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் அதை எழுதிவந்திருக்கிறார்கள். நானும் இறக்கைப் படத்தை அப்படித்தானே கரும்பலகையில் எழுதினேன்?

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முறை பறந்த தொலைவு 120 அடி, அதாவது ஏறத்தாழ 37 மீட்டர். நேரம் 12 விநாடி. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு காகித விமானம் 88 மீட்டருக்கு மேல் பறந்து உலகச் சாதனை ஆயிற்று. ஒடுங்கிய கூரிய வடிவம்; வலிமையான எறிதல். ஜப்பானைச் சேர்ந்த டக்குவோ டோடா 2010-இல் தம் காகித விமானத்தை 29.2 விநாடி வானில் நிறுத்தினார். அதற்கு வேண்டியது அகன்ற இறக்கை. தொலைவுக்கு ஒரு வடிவம், நேரத்துக்கு வேறு வடிவம். இரண்டையும் ஒரே தாளில் தேடுபவர் இரண்டையும் இழப்பார்.

இறக்கை முன்னே செல்லாமல் சுழன்றும் காற்றைத் தாங்கும். முற்றிய முருங்கைக் காயைப் பிளந்து விதையை மாடியிலிருந்து விட்டுப் பாருங்கள். மெல்லிய மூன்று சிறகுகளோடு அது சுழன்று இறங்கும். ஒரு நீண்ட தாள் துண்டின் மேற்பாதியை நடுவே கிழித்து, ஒரு பட்டையை முன்னும் மற்றதைப் பின்னும் மடித்து, அடியில் தாள்கவ்வி ஒன்று செருகினால் அதே ஆட்டத்தைக் காகிதமும் ஆடும். பட்டைகளின் நீளத்தை மட்டும் மாற்றி, இறங்கும் நேரத்தை அளந்து எழுதுங்கள்.

பேராசிரியரின் வகுப்பிலிருந்து திரும்பியபின், புதிய ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பழைய படத்தை வரைந்து, அது ஏன் பிழை என்று சொன்னேன். ஆண்டுதோறும் சொன்னேன். ஆனால் கேட்டவன் அங்கே இல்லை. பள்ளிப்படிப்பை முடித்து எப்போதோ சென்றுவிட்டான். இந்த உரை அவன் செவியில் விழுமாயின், அவன் கேட்டது சரியான கேள்வி என்றும், விடை தெரியாதவன் நான்தான் என்றும் அவன் அறிவானாக.

இந்த உரைக்காகப் பழைய குறிப்பேடுகளைப் புரட்டியபோது, ஒன்றினுள் அவனுடைய விமானம் அகப்பட்டது. கோடு போட்ட நோட்டுத் தாள், பழுத்து மஞ்சளாகியிருந்தது. மடிப்புகளை அவை இருந்தபடியே மெல்லப் பிரித்து நிறுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன். வலது இறக்கையின் பின்விளிம்பில் மட்டும், மேல்நோக்கி ஒரு சிறு வளைவு இருந்தது. நகத்தால் அழுத்திச் செய்த வளைவு. பறக்கவிட்டு, இடப்பக்கம் திரும்புவதைக் கண்டு, திருத்தியிருக்கிறான்.

வீட்டு நடைவழியில் நின்று மெல்ல விட்டேன். நேராகச் சென்று, மறுகோடியில் இருந்த செருப்புகளின்மேல் இறங்கியது. ஏழு மீட்டர். இன்னும் ஒன்பது முறை விட்டு, அளவுகளை அதே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.